பெட்டியோட வந்த ஐஸு

இனாயத்துல்லா பாய் மாதிரி பேசணுமா? ரொம்ப சுளுவு. வாயில ஒரு மொடக்கு தண்ணி வச்சுக்கினு, அத முழுங்காம பேசுங்க. எதச் சொன்னாலும் பாதியில நிறுத்திட்டு, மிச்சத்த எதிர்ல இருக்கறவன் முடிப்பான்னு அவன் மூஞ்சியப் பாருங்க. அவன் முடிக்கலன்னா, "இன்னாப்பா, புரிஞ்சுதில்ல?"ன்னு கேளுங்க. அவ்ளோதான், பாய் ரெடி.

கோட்டைக்குப்பத்துல நான் போடாத கொரல் இல்ல. பூசாரி, பஸ் கண்டக்டரு, எங்க நைனா, நைனாவ திட்டுற எங்கம்மா, எல்லாம் போடுவேன். ஜனம் வயித்தப் புடிச்சுக்கினு சிரிக்கும். பாய் கொரலப் போட்டா மட்டும் சிரிச்சு முடிச்சப்பறம் "பாவம்பா அந்த மனுஷன்"னு ஒரு வார்த்த விழும். இன்னா பாவம்? கை கால் நல்லா இருக்கு, மூணு வேள சோறு இருக்கு. கோவப்பட மட்டும் வராது. அதத்தான் ஜனம் பாவம்னு சொல்லுது போல.

அவரு வூடு பழவேற்காட்டுல, பள்ளிவாசல் தெருவுல. அந்தக் காலத்துல கப்பல் ஓட்டி வியாபாரம் பண்ண குடும்பமாம். அவரே சொல்வாரு: "எங்க முப்பாட்டனாரு கப்பல்ல துணி ஏத்திக்கினு ஜாவாவுக்குப் போனாரு. நான் பொன்னேரியிலேருந்து பஸ் கூரையில ஐஸு ஏத்திக்கினு வர்றேன். அவரு சரக்கு தண்ணி பட்டா தான் நஷ்டம். என் சரக்கு சும்மா உக்காந்திருந்தாலே..." அங்க நிறுத்திட்டு நம்ம மூஞ்சியப் பாப்பாரு.

தெனமும் மொத பஸ்ஸு. பொன்னேரி ஐஸ் கம்பெனியில ஆள் நீளத்துக்குக் கட்டி போடுவாங்க, அதுக்குப் பேரு பாரு. அத சாக்குல சுத்தி கூரையில ஏத்திடுவாரு. திருப்பாலைவனத்துல பஸ்ஸு நிக்கும்போது குதிச்சு எறங்கி, பக்கத்து ரைஸ் மில்லுல உமி ரெண்டு மூட்ட வாங்கி கூரையிலயே ஏறி ஐஸு மேல கொட்டி மூடுவாரு. கண்டக்டரு வெசிலு ஊதுவாரு. பாய் மேலேருந்து, "ஒரு நிமிஷம் கண்டக்டரே, புள்ளத்தாச்சிக்குப் போர்வ போத்தறேன்"னு கத்துவாரு. பஸ்ஸே சிரிக்கும். பழவேற்காட்டுல எறக்கி மூணு சக்கர வண்டியில வச்சு மிதிச்சுக்கினு எங்க கரைக்கு வருவாரு.

கரையில வந்து ரம்பத்த எடுப்பாரு. சுத்தியால ஒடைக்கவே மாட்டாரு. ஒடச்சா தூளாயிடும், தூளு ஜல்தியா கரஞ்சுடும். ரம்பத்துல அறுத்த கட்டி மத்தியானம் தாண்டியும் நிக்கும். அறுக்கும்போது கோணலும் மாணலுமா ஒரு ஓரத்துண்டு மிஞ்சும் பாருங்க, அதுக்கு அவரு காசு வாங்க மாட்டாரு. அது பொன்னியம்மா கூடைக்கு. பொன்னியம்மா புருஷன் முனியன் கடலுக்குப் போனவன் திரும்பல. அவன் காணாமப் போன அந்த மாசத்துலேருந்து ஆரம்பிச்சது அந்தத் துண்டு. கேட்டா, "அது எப்பிடியும் வேஸ்டு தானேப்பா"ன்னு சொல்வாரு. எனக்குத் தெரியும், ஓரம் சின்னதாப் போச்சுன்னா வேணும்னே கோணலா அறுப்பாரு.

வூட்ல அவரு சம்சாரம் கைருன் பீவி. அந்தம்மாவுக்கு ரெண்டு கொரல். தெருவுக்கு ஒண்ணு, பாய்க்கு ஒண்ணு. தெருக் கொரல நான் போட்டுடுவேன். பாய்க்கான கொரல மொத தபா கேட்டது, மீனு குடுக்கப் போனப்ப. பாயு ஐஸு புடிச்ச கையக் கழுவிட்டு உள்ள போறாரு. உள்ளேருந்து, "அல்லாவே! தொடாதீங்க! போயி கையில டீ கிளாஸப் புடிச்சுக்கினு கொஞ்ச நேரம் உக்காருங்க, அப்பால வாங்க." இவரு வாசல்ல வந்து, குடிக்காமயே டீ கிளாஸ ரெண்டு கையாலயும் அணைச்சுப் புடிச்சுக்கினு உக்காந்துட்டாரு. என்னப் பாத்து, "சூடு ஆறட்டும்னு..."ன்னாரு. நானும் மிச்சத்த முடிக்கல.

எமர்ஜென்சி முடிஞ்சு ஒரு ரெண்டு வருஷம் இருக்கும். எறாவுக்குத் திடீர்னு ராஜ யோகம் வந்துது. ஜப்பான்காரன் தின்றானாம், அமெரிக்காக்காரன் தின்றானாம். மெட்ராஸ்லேருந்து ஒரு கம்பெனி லாரி எங்க கரைக்கே வர ஆரம்பிச்சுது. லாரியில வந்தவரு பேரு கேசவன். கறுப்புக் கண்ணாடி, செண்டு வாசன, மூக்காலயே ஒரு சிரிப்பு. அவரு கொரலு ரொம்ப சுலபம். எல்லாத்துக்கும் முன்னாடி "பாருங்க"ன்னு போட்டுக்கினா போதும். "பாருங்க, நான் யாரையும் கட்டாயப்படுத்தல. பாருங்க, எறா உங்களுது." கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். புள்ளைங்களுக்கு பிஸ்கட்டு வாங்கியாருவாரு. எடையில கை வைக்க மாட்டாரு.

அவரு ஒரு பெட்டி கொண்டாந்தாரு. மரப்பெட்டி, உள்ள தகரம் அடிச்சது. எறா போடறதுக்கு. பெட்டி சும்மா. அதுக்குள்ள ரொம்ப ரொம்ப ஐஸுத் தூளு, அதுவும் சும்மா. ராத்திரி படகு போறப்ப பெட்டிய எடுத்துக்கினு போ, காலையில எறாவோட குடு.

ஊரே குதிச்சுது. எங்க நைனா சகாதேவன் இருக்காரே, அவரு அந்தப் பெட்டிய வூட்டுக்குள்ளயே கொண்டாந்து வச்சுக்கினு தண்ணி சொம்ப அதுல வச்சு ஜில்லுன்னு குடிச்சாரு. "மவராசன்யா"ன்னாரு. நானும் தான் குடிச்சேன். பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருந்துது.

பாய்க்கு வியாபாரம் பாதியாயிடுச்சு. யாரையும் ஒண்ணும் கேக்கல அவரு. "சும்மா குடுக்கறாங்கன்னா வாங்கிக்க வேண்டியது தானேப்பா. நானா இருந்தாலும்..."ன்னாரு. ஆனா மிச்ச பாதி நின்னுச்சு. ஏன்னா கிட்ட வலை போடறவனுக்குத் தூளு போதும். மொகத்துவாரத்துக்கு அப்பால தூரமாப் போயி மத்தியானம் வர்றவனுக்குத் தூளு பத்தாது, கரஞ்சு எறா தண்ணியில மெதக்கும். அவங்க பாய்கிட்ட ஒரு கட்டி வாங்கி கம்பெனிப் பெட்டி அடியில போட்டு, அது மேல கம்பெனி தூள போட்டு கொண்டாந்தாங்க. ரெண்டு ஐஸும் ஒரே பெட்டியில சண்ட போடாம இருந்துச்சு.

அப்பிடி தூரம் போற ரங்கன் பெட்டியில தான் மாட்டிக்கிச்சு. கேசவன் எறாவ அள்ளும்போது கையில கட்டி தட்டுப்பட்டுடுச்சு.

"இது யாரு ஐஸு?"

"பாய் ஐஸு சார். தூரம் போனேன், அதான்."

"பாருங்க, இது எங்க பெட்டி. எங்க பெட்டியில எங்க ஐஸு தான். வெளி ஐஸு பட்ட எறாவ நான் எடுக்க முடியாது. எந்தத் தண்ணியில போட்டதோ, எவன் கை பட்டதோ."

சொல்லிக்கினே அந்தக் கட்டியத் தூக்கி மணல்ல போட்டாரு. பாயு ஒரு அஞ்சாறு அடி தள்ளி ரம்பமும் கையுமா நின்னுக்கினு இருந்தாரு.

பாயு மெதுவா வந்து குனிஞ்சு கட்டிய எடுத்தாரு. ஏரித் தண்ணியில அலசினாரு. மணல் போற வரைக்கும் புள்ளைக்கு மூஞ்சி கழுவுற மாதிரி கழுவினாரு. கொண்டு போயி பொன்னியம்மா கூடையில மடவை மீனுக்கு அடியில வச்சாரு. வச்சுட்டு கேசவன் கிட்ட திரும்பி, "நல்ல தண்ணி ஐஸு தான் தம்பி. சந்தேகமா இருந்தா ஒரு தபா வந்து..."ன்னாரு.

கேசவன் சிரிச்சாரு. "பாருங்க பாய், தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஐஸு சும்மா குடுத்தா உங்க பொழப்பக் கெடுக்கறேன்னு ஊருல பேசிக்கறாங்களாம். இந்தம்மாவுக்கு நீங்க சும்மா தானே குடுக்கறீங்க? நீங்க குடுத்தா தர்மம், நான் குடுத்தா அநியாயமா?"

பாயு வண்டிய மிதிச்சுக்கினு போயிட்டாரு. போற வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கினு போனாருன்னு ரங்கன் சொன்னான்.

அடுத்த நாள்லேருந்து வெளி ஐஸு பட்ட எறாவ லாரி எடுக்காதுன்னு ஆயிப்போச்சு. தூரம் போறவனும் பாய்கிட்ட வாங்கறத நிறுத்திட்டான். மிஞ்சினது மீன் கூடை தூக்குற பொம்பளைங்க மட்டும். அவங்களுக்கு வேண்டியது ஆளுக்கு ஒரு துண்டு. பொன்னேரி ஐஸ் கம்பெனிக்காரன் பாய்கிட்ட கறாரா சொல்லிட்டான்: "அஞ்சு பாரு எடுத்தா வா. அதுக்குக் கொறஞ்சா உனக்குன்னு நான் காலங்காத்தால கதவு தொறக்க முடியாது பாய்."

அஞ்சு பாருக்கு எங்க போறது? கைருன் பீவியோட தம்பி மெட்ராஸ்ல மண்ணடியில ஜவுளிக் கட வச்சிருந்தாரு. ரொம்ப நாளா கூப்புட்டுக்கினு இருந்தாரு. அந்தம்மா சொல்லிட்டாங்க: "போயிடலாங்க. துணி கரையாது." பாயு ரம்பத்துக்கு எண்ண தடவிக்கினு இருந்தாராம்.

சேதி எங்க கரைக்கு வந்துது. சாயங்காலம் வலை பிரிச்சுக்கினு இருக்கோம், பொன்னியம்மா வந்து எங்க நைனா முன்னாடி நின்னுச்சு. பொன்னியம்மா கொரலு போட வயிறு வேணும். அடி வயித்துலேருந்து வரும்.

"இன்னா சகாதேவா, ஜில்லுத் தண்ணி குடிச்சியா இன்னிக்கு?"

"குடிச்சேன். ஒனக்கு இன்னா இப்ப?"

"பாய் அண்ணன் மெட்ராஸுக்குப் போவுதாமே."

"போவட்டும். மெட்ராஸ் இன்னா நரகமா? இத பாரு பொன்னி, ஒருத்தன் சும்மா குடுக்கறான். சும்மா குடுக்கறவன வேணாம்னு சொல்லி காசு குடுத்து வாங்கச் சொல்றியா? நான் இன்னா கேணயனா?"

"சும்மாவா? யாருக்குச் சும்மா? எறாவுக்குச் சும்மா. என் மடவைக்கு? நேத்து போயி கேட்டேன், ஒரு கை தூளு குடு சார்னு. மீனுக்கு இல்லம்மாங்கறான். சரி காசு வாங்கிக்கன்னேன். விக்கறதுக்கு இல்லம்மாங்கறான். காசு குடுத்தாலும் கெடையாது. அண்ணன் போயிட்டா நான் திருப்பாலைவனம் போறதுக்குள்ள மீனு கண்ணு வெளுத்துப் போவும். அந்த ரெட்டியார் வூட்டம்மா மீனு கண்ணப் பாத்து தான் வெல பேசும்."

"அது... அதுக்கு நான் இன்னா பண்றது?"

"நாளைக்கு எறா கொறஞ்சு லாரி வரலன்னா ஒனக்கு மட்டும் ஐஸு யாருடா தருவான்? ஒங்க நைனாவா?"

நைனாவுக்குக் கோவம் வந்துடுச்சு. அவருக்குக் கோவம் வந்தா வலைய ரொம்ப ஜோரா பிரிப்பாரு. அன்னிக்கு வலை கிழிஞ்சுது.

அந்த வாரம் ஊருல பாடு போடற நாள். பாடுன்னா வேற ஒண்ணும் இல்ல. ஏரியில எறா நல்லா படற எடம் கொஞ்சம் தான். அத எவனும் எனக்கேன்னு வச்சுக்கக் கூடாது. சீட்டு குலுக்கி மொற வச்சுப்போம். இன்னிக்கு நல்ல எடத்துல நீ போட்டா, நாளைக்கு நான், அடுத்த நாளு அவன். காசுக்காரன், இல்லாதவன், எல்லாருக்கும் அதே மொற தான். கோயில் வாசல்ல ஆம்பளைங்க கூடுவாங்க. பொம்பளைங்க ஓரமா நிக்கலாம், சபையில பேசக் கூடாது.

சீட்டு எல்லாம் போட்டு முடிஞ்சுது. ஊர் பெரியவரு நீலமேகம் துண்ட ஒதறிக்கினு எந்திரிக்கப் போறாரு. அப்ப பொன்னியம்மா, வேப்ப மரத்து மேல உக்காந்திருந்த ஒரு காக்காவப் பாத்து பேச ஆரம்பிச்சுது.

"ஏ காக்கா! ஒன்னத்தான். நீ எல்லாத்தையும் பாக்குறியே, நல்லா பாத்துக்க. இந்த ஊருல எடத்துக்கு மொற வச்சிருக்கானுங்க, பெரிய நாயம். ஒருத்தனே நல்ல எடத்த வளைச்சுப் போட்டா ஊரே அவன வெட்டும். ஆனா ஒருத்தன் ஐஸ வளைச்சுப் போட்டா மட்டும் பல்ல இளிச்சுக்கினு சொம்ப நீட்டுவானுங்க. காக்கா, நீயாவது கேளு."

ஆம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறாங்க. காக்காகிட்ட பேசக் கூடாதுன்னு சட்டம் இல்லையே. நீலமேகம் பெரியவரு கனச்சாரு. அவரு கனைக்கிறது ஒரு படகு மணல்ல உரசற மாதிரி இருக்கும். அவரும் அண்ணாந்து மரத்தப் பாத்தாரு.

"ஏம்பா காக்கா, சும்மா குடுக்கறது குத்தமா?"

"சும்மா குடுக்கறது குத்தம் இல்லன்னு சொல்லு காக்கா. இன்னொருத்தன்கிட்ட வாங்கினா ஒன் எறாவ தொட மாட்டேங்கறான் பாரு, அது குத்தம்."

அந்த நேரம் பாத்து காக்கா பறந்து போயிடுச்சு. ரங்கன் சிரிச்சுட்டான். பெரியவரு சிரிக்கல. மறுபடி உக்காந்தாரு.

பேச்சு போச்சு, போச்சு, வெளக்கு வைக்கற நேரம் வரைக்கும் போச்சு. கடைசியில எங்க ஆளுங்க ஒரு முடிவுக்கு வந்தாங்க. எங்க ஆளுங்களுக்கு எந்த வியாதின்னாலும் ஒரே மருந்து தான். ஐஸுக்கும் பாடு போட்டுட்டாங்க! ஒரு நாளு கம்பெனி ஐஸு, மறு நாளு பாய் ஐஸு. பாயோட நாள்ல எல்லாப் படகும் பாய்கிட்ட தான் வாங்கணும். வெளியூரு ஆளு ஒருத்தருக்கு, அதுவும் வலை புடிக்காதவருக்கு எங்க ஊரு பாடு குடுத்தது அதான் மொத தபா. அத்தன பேரு மூஞ்சியிலயும் ஒரு பெருமை. எங்க நைனா மட்டும் வாய்க்குள்ள மொனவிக்கினு இருந்தாரு.

ஆள் அனுப்பி பாய இட்டாந்தாங்க. பெரியவரு சேதிய சொன்னாரு. பாயு கண்ணு நெறஞ்சு போச்சு. துண்டால மூஞ்சியத் தொடச்சாரு. அப்பால வாயில தண்ணி வச்ச அந்தக் கொரல்ல சொன்னாரு:

"வேணாம் பெரியவரே."

"இன்னாது?"

"இந்த மரியாத போதும். பாடு வேணாம். கேசவன் தம்பி என்ன ஒண்ணு கேட்டுச்சு. பொன்னிக்கு நீ சும்மா குடுக்கற, நான் குடுத்தா தப்பான்னு. ராவெல்லாம் தூக்கம் இல்ல எனக்கு. அப்பறம் தான் புரிஞ்சுது. பொன்னி நாளைக்கு வேற ஆளுகிட்ட துண்டு வாங்கினா நான் அவ கூடையத் தட்டி விடுவேனா? மாட்டேன். இப்ப நீங்க இன்னா பண்றீங்க? என் நாள்ல சகாதேவன் இஷ்டம் இல்லாம என்கிட்ட வந்து நிக்கணும். அவரு மூஞ்சியப் பாருங்க, இப்பவே..."

எல்லாரும் நைனா மூஞ்சியப் பாத்தாங்க. நைனா கீழ பாத்தாரு.

"எறா படற எடம் கொஞ்சம், அதனால மொற வச்சீங்க. ஐஸு அப்பிடி இல்லையே பெரியவரே. யாரு வேணாலும் கொண்டாரலாம். உங்கள கட்டிப் போட்டு என்கிட்ட வாங்க வச்சா, அப்பறம் அவருக்கும் எனக்கும்..."

"பின்ன இன்னா தான்யா வேணும் ஒனக்கு?"ன்னாரு பெரியவரு.

"பெட்டி. பெட்டி அவருதா இருக்கறதால தான அவரு சொல்றாரு. பெட்டி உங்களுதா இருக்கட்டும். உள்ள எந்த ஐஸுன்னு படகுக்காரன் சொல்லட்டும். அவரு ஐஸு போதும்னா அதையே போடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்." ஒரு நிமிஷம் யோசிச்சாரு. "கோவிச்சுப்பேன். வெளிய தெரியாது."

வூட்டுக்குப் போனா கைருன் பீவி தெருக் கொரல பாய் மேலயே போட்டாங்க. பக்கத்து வூடு வரைக்கும் கேட்டுதாம். "ஊரே கூடி குடுத்தத வேணாம்னுட்டு வந்தீங்களா? நாள் விட்டு நாள் முழு வியாபாரம்! அத வுட்டுட்டு பெட்டியாம் பெட்டி! நான் துணி மூட்ட கட்டறேன்." கட்டவும் ஆரம்பிச்சுட்டாங்க.

அடுத்த நாளு காலையில லாரி வந்துது. எங்க கரையில கம்பெனிப் பெட்டியெல்லாம் காலியா, அலம்பி, வரிசையா அடுக்கி வச்சிருந்துது. எறா இருந்தது டீத்தூள் வர்ற பலகைப் பெட்டியில. பழவேற்காட்டு கடைங்கள்ல கெஞ்சி வாங்கினது. உள்ள ஈயத்தாள் ஒட்டினது, சிலதுல இன்னும் டீத்தூள் வாசன.

கேசவன் கண்ணாடியக் கழட்டினாரு. அன்னிக்குத் தான் அவரு கண்ண நான் பாத்தேன். பாவம், தூக்கம் இல்லாத கண்ணு.

"பாருங்க, இது இன்னா கூத்து?"

"பெட்டி எங்களுது தம்பி. எறா எங்களுது. ஐஸு அவனவன் இஷ்டம். எறா கெட்டிருந்தா திருப்பிக் குடு, கம்முனு வாங்கிக்கறோம். நல்லா இருந்தா எடுத்துக்க"ன்னாரு நீலமேகம்.

கேசவன் லாரியில ஏறி கதவ சாத்திக்கினாரு. வெயிலு ஏறிக்கினே இருந்துது. எங்காளுங்க நெஞ்சு அடிச்சுக்குது. ஒருத்தன், "பெரியவரே, இன்னிக்கு ஒரு நாளு வுட்டுக்குடுத்து..."ன்னு இழுத்தான். பெரியவரு கனச்சாரு. அவன் அடங்கிட்டான். எனக்கு மட்டும் ஒண்ணு தெரிஞ்சுது. லாரிக்குள்ளயும் ஒருத்தன் நெஞ்சு அடிச்சுக்குது. காலி லாரியோட மெட்ராஸ் போனா அந்தாளுக்கு இன்னா மரியாத கெடைக்கும்?

கதவு தொறந்துது. நேரா, பாய் கட்டி போட்ட ரங்கன் பெட்டிக்கு வந்தாரு. அடியில கைய விட்டு ஒரு எறாவ எடுத்து தலையக் கிள்ளினாரு. மோந்தாரு. வெறப்பா, ஜில்லுன்னு இருந்துது.

"ஏத்துங்க"ன்னாரு. "கம்பெனிகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா பாருங்க, எங்க ஐஸ சும்மா தான் குடுப்பேன். அத தடுக்காதீங்க."

"குடு ராசா. எவன் தடுத்தான்? வேணுங்கறவன் வாங்கட்டும்"ன்னாரு பெரியவரு.

கதை இதோட முடிஞ்சு பாய் ஜெயிச்சுட்டாருன்னு நெனச்சுக்காதீங்க. தூளு இன்னும் சும்மா தான். கட்டிக்குக் காசு. எத்தன பேரு காசு குடுத்து வாங்குவான்? சாயங்காலத்துக்குள்ள அஞ்சு பாருக்கு ஆள் வரணும். வரலன்னா மறுநாளு மண்ணடி பஸ்ஸு.

பாயு வூட்டு வாசல்ல உக்காந்திருந்தாரு. யாரையும் போயி கேக்கல. கைருன் பீவி கதவுக்குப் பின்னாடி துணி மூட்ட மேலயே உக்காந்து, வெரல மடக்கி எண்ணிக்கினு இருந்தாங்க. மொதல்ல போனது எங்க நைனா. கூட நானும் போனேன்.

"பாய், எனக்கு இந்த தபா கிட்ட எடம் தான் விழுந்திருக்கு. தூளே போதும். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். கோவமா?"

"உள்ளுக்குள்ள தான்"ன்னாரு பாய். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. ஆனா நைனா போறப்ப ரெண்டு தபா திரும்பிப் பாத்தாரு. நான் அங்கயே நின்னுட்டேன்.

அப்பால ரங்கன் வந்தான், ஒரு பாரு. தூரம் போறவங்க இன்னும் ரெண்டு மூணு பேரு சேந்து ஒண்ணரை. நடுவுல ரொம்ப நேரம் யாரும் வரல. மோதினாரு பாங்கு சொல்லி முடிச்சாரு. பாயு தொழுதுட்டு வந்து மறுபடி அதே எடத்துல உக்காந்தாரு. தெருக் கோடியில பேச்சு சத்தம் கேட்டுது. பொன்னியம்மாவும் கூடைக்காரப் பொம்பளைங்களும். "அண்ணே, எங்க எல்லாருக்கும் சேத்து ரெண்டு. நாங்களே பங்கு போட்டுக்கறோம், நீ ஒண்ணும் கோணலா அறுக்க வேணாம்."

அப்ப எத்தன ஆச்சு? நாலரை. அதுக்கு மேல யாரும் வரல. பொம்பளைங்க நிக்கறாங்க, போகவும் மாட்டேங்கறாங்க. பாயு எல்லாரையும் பாத்து, "இவ்ளோ தூரம் வந்ததே பெருசு. அவன் அஞ்சுன்னு சொன்னான், நாலரைக்குக் கதவு..."ன்னு நிறுத்தினாரு.

மிச்சத்த யாரும் முடிக்கல.

கதவுக்குப் பின்னாடியிலேருந்து கைருன் பீவி, "அரை பாரு எனக்கு"ன்னாங்க.

பாயு திரும்பினாரு. "ஒனக்கு எதுக்கு ஐஸு?"

"நன்னாரி சர்பத்து போடப் போறேன். வெள்ளிக்கெழம தொழுவ முடிஞ்சு தெருவுல எத்தன பேரு நாக்கு வறண்டு போறாங்க. பஸ்ஸுக்கு நிக்கறவங்க வேற. இந்த ஊருல நன்னாரி போட எனக்குத் தெரியாதா?"

"சர்பத்துக்குத் தூளு ஐஸு தான் நல்லாருக்கும். கேசவன் தம்பிகிட்ட கேட்டா சும்மாவே..."

"எறா பெட்டியில வந்தத எவன் குடிப்பான்? எனக்குக் கட்டி தான் வேணும். காசு குடுப்பேன்." கொஞ்சம் நிறுத்தினாங்க. "ஒடனே இல்ல. வித்துட்டு."

பொன்னியம்மா அந்த அடி வயித்துக் கொரல்ல சிரிச்சுது, தெருவே திரும்பிப் பாத்துது. பாயு சிரிக்கல. ரொம்ப நேரம் கதவையே பாத்துக்கினு இருந்தாரு. உள்ள மூட்டையப் பிரிக்கற சத்தம் கேட்டுது.

அப்பறம் ஒரு கொரலு வந்துது. தெருக் கொரலு இல்ல, இன்னொண்ணு. அத நான் போட்டுக் காட்ட மாட்டேன், அது அவருக்கானது. வார்த்தைய மட்டும் சொல்றேன்.

"மொத பஸ்ஸ விட்டுடாதீங்க. சாப்ட்டு சீக்கிரம் படுங்க. எழுப்பி வுடறேன்."

"தூங்கினா தானே எழுப்பணும்"ன்னாரு பாய். அந்தப் பேச்ச அவரு பாதியில நிறுத்தல, யாரு மூஞ்சியையும் பாக்கல.